பாட்டும் நிலமும்: தனியிசைத் தொகுதிகளும் நெய்வேலியும்

முன்னுரை

திரைப்படக் கதையைச் சாராமல் இசைவாணர் தாமே இயற்றித் தாமே வெளியிடும் பாட்டுத் தொகுதிகள் அண்மைக் காலத்தில் தமிழகத்தில் பெருகியுள்ளன. இவற்றை 'ஆல்பம்' என்றும் 'தனியிசை' என்றும் மக்கள் வழங்குவர். 1931இல் 'காளிதாஸ்' என்னும் முதற் பேசும்படம் வெளிவந்த காலந்தொட்டுத் தமிழ்ப் பாட்டின் பெரும்பகுதி திரைக்கதையைப் பற்றிக்கொண்டே படர்ந்தது. கதைமாந்தர் வாயில் வைக்கப்பெறும் பாட்டில், பாடுவோர் எவ்வூரினர், எந்நிலத்தைப் பாடுகின்றனர் என்னும் வினாக்கள் எழா. கதை நிகழும் இடமே பாட்டின் இடமாகிவிடும். தனியிசையிலோ இவ்வினாக்களே முன்னிற்கின்றன. கதை என்னும் கொழுகொம்பு அங்கு இல்லை. ஆகலின் பாடுவோரும் பாடப்படும் நிலமுமே பாட்டைத் தாங்குதல் வேண்டும்.

இத்தொகுதிகளைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் கேட்டோர் எண்ணிக்கையையோ, பாட்டின் புதுமையையோ அளவாகக் கொள்கின்றன. தமிழாய்வாளரிடம் வேறோர் அளவுகோல் உண்டு. அது தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு. அவ்வளவுகோல் கொண்டு சில பாட்டுகளை அளந்து காண்டலும், நெய்வேலி நிலக்கரி நகரியத்தைக் களமாக வைத்து அந்த அளவுகோலையே சோதித்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு பாட்டு நிலத்தைப் பாடுகின்றதா, நிலத்தின் பெயரை மட்டும் சூடிக்கொள்கின்றதா என்பதே யாம் எழுப்பும் வினா.

எல்லை ஒன்றை முதற்கண் வகுத்துக்கொள்வாம். தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக்கும். தனியே வெளிவரும் பாட்டு முத்தகத்தோடும், பல பாட்டுகள் கூடிய ஆல்பம் தொகைநிலையோடும் ஒப்பன. இரண்டனையும் இங்கு ஒருசேர ஆராய்கின்றோம்.

இசை ஒரு கருப்பொருள்

அகத்திணையியலில் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் தொல்காப்பியர் சேர்த்துரைத்தார். இது நுனித்து நோக்கத்தக்கது. இசையை அவர் நிலத்திற்கு அப்பாற்பட்ட பொதுக்கலையாகக் கொண்டிலர். மரமும் புள்ளும் போல ஒரு நிலத்தில் தோன்றி வளரும் பொருளாகவே கொண்டார். பின்வந்தோர் குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட் பறை, நெய்தலுக்கு மீன்கோட் பறை எனப் பெயர் வகுத்துரைத்தனர். தொழிலும் பறையும் அங்குப் பிரியாது நிற்கின்றன. மீன் கொள்ளுதலால் அது மீன்கோட் பறையாயிற்று.

இதனின்று பெறப்படும் கருத்து ஒன்றுண்டு. நிலம் மாறினால் அதன் மரமும் புள்ளும் மாறுதல் போல அதன் பறையும் மாறும். நிலம் அழியின் பறையும் அழியும். இசைக்கருவியை வேறிடம் கொண்டு செல்லலாம். ஆயின் அது ஒலித்தற்குரிய தொழிலும் பொழுதும் உடன் செல்லுமா என்பதே வினா. தனியிசைத் தொகுதிகள் பறையையும் கானாப் பாட்டையும் ஒப்பாரியையும் மேடைக்கும் கணினிக்கும் கொண்டுசெல்லும் இக்காலத்தில், இவ்வினா பழமை ஆராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று.

ஊர்ப்பெயர் சூடும் மரபு

கலைஞர் தம் ஊரைப் பெயரின் முன் சூடுதல் தமிழ்நாட்டில் நெடிய மரபு. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் எனச் சங்கப் புலவர் பலர் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டனர். அம்மரபு இசையுலகில் அரியக்குடி, செம்மங்குடி, திருவாவடுதுறை, காருகுறிச்சி எனத் தொடர்ந்தது. இவ்வூர்களிற் பல கோயிலும் மடமும் வேளாண்மையும் சூழ வளர்ந்த பழைய ஊர்கள். ஊர்ப்பெயரைக் கேட்ட அளவிலேயே ஓர் இசைப் பரம்பரை கேட்போர் நினைவிற்கு வரும்.

நெய்வேலி அத்தகைய ஊரன்று. பழைய சிற்றூர் ஒன்றன் பெயரைத் தாங்கி எழுந்த புதிய நகரியம் அது. 1956 நவம்பர் 14இல் நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது. 1957 மே 20இல் அந்நாளைய தலைமையமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் சோவியத்து நாட்டின் துணையோடு அமைந்த அனல்மின் நிலையம் மின்னாக்கம் தொடங்கியது. வட்டங்களாகப் பகுக்கப்பட்ட நகரியத்தில் பல மாவட்டத்தினரும் பல மொழியினரும் குடியேறினர்.

இத்தகைய புதிய ஊரின் பெயர் ஒரு தலைமுறைக்குள் கருநாடக இசையரங்கில் முன்னடையாகிவிட்டது. வாய்ப்பாட்டில் நெய்வேலி சந்தானகோபாலன், வயலினில் நெய்வேலி இராதாகிருஷ்ணா, மிருதங்கத்தில் நெய்வேலி நாராயணன், நெய்வேலி வெங்கடேஷ், நெய்வேலி ஸ்கந்தசுப்பிரமணியம் எனப் பலர் இப்பெயரால் விளங்குகின்றனர். மடமும் அரசவையும் செய்த பணியைத் தொழிற்சாலை நகரியம் செய்ய இயலும் என்பதற்கு இது சான்றாகும். நிலையான ஊதியம் பெறும் குடும்பங்களின் கூட்டத்தில் இசை பயிலவும் கேட்கவும் வாய்ப்பு உண்டு என்பதை எவரும் எளிதில் உய்த்துணரலாம்.

ஆயினும் இங்கு ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. அவ்விசைவாணர் பாடுவனவும் வாசிப்பனவும் காவிரிக் கரையிலும் பிறவிடங்களிலும் பிறந்த உருப்படிகள். நெய்வேலி அவர்தம் பெயரில் உண்டு; அவர்தம் பாட்டில் இல்லை. இது குறையன்று, அக்கலையின் இயல்பு. ஊரைப் பெயரிற் சூடுதலும் ஊரைப் பாட்டிற் கொள்ளுதலும் இருவேறு செயல்கள் என்பதை இவ்வெடுத்துக்காட்டுத் தெளிவாக்குகின்றது. தனியிசையை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடே முதற்படி.

நெய்வேலிக்கு அணித்தாகிய சிதம்பரத்தில் எழுந்த பழைய வாதத்தையும் இங்கு நினைதல் தகும். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும், எம்மொழியிற் பாடுவது என்னும் வினாவை எழுப்பின. அவ்வினா வேண்டுவதே, அதன் பயனாகத் தமிழிசைப் பாடல்கள் பல அச்சேறின. இன்றைய தனியிசை எழுப்பும் வினா அதற்கு அடுத்த படியில் நிற்பது: எந்நிலத்தை, எவர் குரலிற் பாடுவது?

மூன்று பாட்டுநெறிகள்

இவ்வினாவிற்குத் தனியிசையார் தந்த விடைகள் பல. அவற்றுள் மூன்றனை எடுத்துக்கொள்வாம்.

முதலாவது, 2017இல் வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. கேபர் வாசுகி இயற்ற, டி. எம். கிருஷ்ணா பாடியது. எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலாலும் கட்டடங்களாலும் தூர்ந்துபோவதே இதன் பொருள். புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். தனியார்க்கு உரிமையாக்கப்படாது பொதுவுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிப்பது. வழக்கிலோ அது வசைச்சொல் ஆயிற்று. ஏரியும் கழியும் மேய்ச்சற்புலமும் எவர்க்கும் உரியவல்ல என்ற எண்ணம் பரவவே, அவற்றின் பெயரும் இழிந்தது. பாட்டு அச்சொல்லை மீட்டு அதன் பழம்பொருளில் நிறுத்துகின்றது. சென்னைப் பேச்சுத்தமிழை ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி முதலிய இராகங்களில் அமைத்தமையால், அரங்கிசைக்கு உயர்வழக்கே உரியது என்னும் கொள்கையும் தளர்ந்தது.

எனினும் இப்பாட்டில் ஒரு குறை உண்டு என்பது எம் கருத்து. முதற்பொருள் இதில் மிகத் தெளிவாக உளது. இன்ன கழி, இன்ன கேடு எனச் சுட்டுகின்றது. கருப்பொருளாகிய இசை அந்நிலத்தினது அன்று. வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் நிழல் இதில் விழவில்லை. நெய்தல் நிலத்தின் துயரைப் பிறநிலத்து யாழ் இசைக்கின்றது. மயிலாப்பூர்க் கேட்போரை எண்ணூர்க்கு அழைத்துச் செல்வதே பாட்டின் நோக்கமாகலின் அவ்வியாழ் வேண்டுவதே என்பர் சிலர். அது பொருந்தும். ஆயின் அது விருந்தினர் பாட்டாகவே நிற்கும், இல்லத்தார் பாட்டாகாது.

இரண்டாவது நெறி, பாடுவோரே நிலத்தவராதல். 2018 சனவரியில் சென்னையில் முதன்முதல் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு இந்நெறியிற் குறிக்கத்தக்கது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் அதனை உருவாக்கினர். அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்தினின்று அதற்குப் பெயர் அமைந்தது. பறையும் கானாப் பாடகரின் தாளக் கருவிகளும் கிதாரோடு ஒருங்கு ஒலித்தன. அக்குழுவிற் பாடிய அறிவு, ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளரோடு சேர்ந்து 2019இல் 'தெருக்குறள்' என்னும் தொகுதியை வெளியிட்டார். பெயரே ஓர் ஆராய்ச்சிப் பொருள். திரு என்பதன் இகரம் எகரமாக, மேன்மைச் சொல் இடச்சொல்லாகின்றது. உயிரெழுத்து ஒன்றன் மாற்றத்தால் நூல் மண்டபத்தினின்று இறங்கித் தெருவில் நிற்கின்றது. இங்குப் பாடுவோர் நிலையும் பாடும் இடமும் ஒன்றாகின்றன. தெரு என்பது பொதுமைச் சொல்லாகலின் குறித்த ஊரின் சாயல் மங்குதல் உண்டு. இதனை இந்நெறியின் வரம்பாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'என்ஜாய் எஞ்சாமி'. தீ, அறிவு ஆகிய இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசைப்பில் வெளிவந்தது. 'என் சாமி' என்பதன் னகர ஒற்று, சகரத்தின் முன் ஞகரமாய்த் திரிந்த பேச்சு வடிவமே 'எஞ்சாமி'. முதியோர் இளையோரை அன்போடு விளிக்கும் அச்சொல்லைத் தலைப்பில் வைத்தமையே பாட்டின் குரல் யாருடையது என்பதை அறிவிக்கின்றது. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கு உரியவர் எனக் கணக்கிட்டது. மலையைத் திருத்தியோர் மலையை இழந்து, வந்த நாட்டிலும் நிலமின்றி நின்ற வரலாறு அப்பாட்டின் அடியில் ஓடுகின்றது.

அடியில் ஓடுகின்றது என்று கூறினமையின் காரணத்தைக் கருதுக. பாட்டில் வெளிப்படத் தோன்றும் நிலம் தேயிலை மலையன்று. ஏரியும் தோட்டமும் வீட்டு விலங்குகளும் நிறைந்த சிற்றூர். நாடு திரும்பியோர் வரலாற்றை வேறிடத்தில் அறிந்துகொண்டு வந்தார்க்கே அதன் உரிப்பொருள் முழுதும் விளங்கும்; அறியாதார்க்கு அது களிப்பூட்டும் சிற்றூர்ப் பாட்டே. பாலைப் பாட்டில் சுரத்திடைச் செல்வோன் நெஞ்சம் ஊரையே எண்ணுதல் போல, நிலமிழந்தோர் நினைவில் நிற்கும் நிலத்தைப் பாடுதல் இயல்பு என இதற்கு அமைதி கூறலாம். ஆனால் பாலைப் பாட்டில் சுரமும் காட்டப்படும். இங்குச் சுரம் மறைக்கப்பட்டது. உலகம் இதனை இத்துணை எளிதாக ஏற்றமைக்கு அம்மறைப்பும் ஒரு காரணம் என யாம் கருதுகின்றோம்.

பாலையாகிய நிலம்

மேற்கூறிய மூன்று நெறிகளையும் நெய்வேலியில் வைத்துக் காண்பாம். எண்ணூரில் நிலம் தூர்ந்தது. தேயிலை மலையினின்று மக்கள் பெயர்ந்தனர். நெய்வேலியில் நிலமே பெயர்க்கப்படுகின்றது. மேல்மண்ணை அகழ்ந்து ஒருபுறம் குவித்து, கீழ்நின்று மேலழுத்தும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்து, அதன் பின்னரே கரி வெட்டப்படும். வயல் இருந்த இடம் பள்ளமாகும். பள்ளம் இருந்த இடம் பின்னர் மேடாகும். ஐந்திணையுள் எதனில் இதனை அடக்குவது?

பாலைக்குத் தனிநிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த காலத்துப் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்பதும் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிற் பெறப்படும் கருத்து. அங்குத் திரிபுக்குக் காரணம் வெயில். நெய்வேலியில் திரிபுக்குக் காரணம் மாந்தர் தொழில். மருதமும் முல்லையும் திரிந்து புதியதொரு பாலை ஆயின. எனினும் இதனை வெறும் அழிவு எனல் நேர்மையன்று. அப்பாலையினின்று பிறக்கும் மின்னொளி பல மாநிலங்களுக்குச் செல்கின்றது. அகழ்விடத்து நீர் அயல் வயல்களுக்குப் பாய்கின்றது. நகரியத்தில் மரங்கள் ஓங்கியுள்ளன. பழம்பாலையில் வேனிலும் பிரிவுமே உண்டு. இப்புதுப்பாலையில் ஊதியமும் நிழலும் பிரிவோடு கலந்துள்ளன. இக்கலப்பே இதனைப் பாடுதற்கு அரியதாக்குகின்றது. புகழ்ந்து பாடினும் பொய்யாம்; இரங்கி மட்டும் பாடினும் குறையாம்.

இந்நிலத்தின் பறை எது? கடலூர் மாவட்டம் தெருக்கூத்து வழங்கும் நிலம். திரௌபதியம்மன் விழாவில் பாரதக் கூத்து நிகழும். இறுதி நாட்களில் கோயில் திடலில் துரியோதனன் உருவத்தை மண்ணாலேயே பெரிதாக வனைந்து படுகளம் ஆடுவர். அக்கூத்துக்கு அரங்கும் அந்த மண். நடிகனும் அந்த மண். ஊர் ஒன்று சுரங்கத்தின்பொருட்டுப் பெயரும்போது மத்தளமும் முகவீணையும் மக்களோடு பெயரும். படுகளத்து மண் பெயராது. சுடுகாடு பெயராமையின் ஒப்பாரிக்கு உரிய இடமும் பெயராது. கருப்பொருள் கையிலிருக்க முதற்பொருள் நீங்குதல் இதுவேயாம்.

2023 சூலையில் வளையமாதேவிப் பகுதியில் விளைந்து நின்ற நெற்பயிரினிடையே பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டப்பட்டதும், அதன்பொருட்டுப் பெரும் போராட்டம் எழுந்ததும் பலரும் அறிந்தவை. ஆறு தன் பெயரோடு வேறிடத்திற்குச் செல்கின்றது. பெயர் நிற்க இடம் மாறுதல் என்னும் இந்நிகழ்ச்சி, ஊர்ப்பெயரைப் பெயரிற் சூடிக்கொண்டு வேறிடத்துப் பாட்டைப் பாடும் இசைமரபோடு எத்துணை ஒத்துள்ளது என்பதைக் கற்றோர் எண்ணிப் பார்ப்பாராக.

உரைநடை இந்நிலத்தை மறவாது பற்றிக்கொண்டது. கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி' என்னும் புதினம் சுரங்கத்தால் ஊரிழந்தோர் வாழ்வை அவ்வட்டார மொழியிலேயே கூறுகின்றது. புதினத்தில் வட்டாரச் சொல்லைப் பதிவு செய்யலாம்; சொல்லின் ஓசையையும் இழுப்பையும் இடைநிறுத்தத்தையும் பதிவு செய்தல் இயலாது. அது பாட்டுத் தொகுதிக்கே இயலும். ஆகலின் நெய்வேலி நிலத்திற்கு இசைத்தொகுதி ஓர் அணிகலன் அன்று. வேறெவ்வடிவும் காக்க இயலாததைக் காக்கும் கலம்.

அத்தொகுதி எவ்வாறு அமைதல் தகும் என்பதற்கு மேற்கண்ட மூன்று நெறிகளும் வழிகாட்டும். முதல் நெறியினின்று இடத்தைச் சுட்டிக் கூறும் துணிவையும், இரண்டாம் நெறியினின்று நிலத்தவர் குரலையும், மூன்றாம் நெறியினின்று முதியோர் வாய்மொழியையும் கொள்ளல் வேண்டும். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். வட்டங்களில் வாழ்வோர், ஒப்பந்தத் தொழிலாளர், ஊரிழந்தோர் ஆகிய மூவர் குரலும் ஒரு தொகுதியில் ஒலித்தாலன்றி அது நெய்வேலிப் பாட்டாகாது.

பாட்டும் பெயரும்

நிலம் யாருக்கு என்னும் வினாவைத் தொடர்ந்து பாட்டு யாருக்கு என்னும் வினா வரும். 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பொறுத்தமட்டில் அது பொதுவெளியிலேயே எழுந்தது. 2022 சூலையில் சென்னையில் நிகழ்ந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்கவிழாவில் அப்பாட்டு அறிவு இன்றிப் பாடப்பட்டது. அதன்பின் ஆக்கத்தில் எவர் பங்கு எத்துணை என்பது பற்றி அறிவும் சந்தோஷ் நாராயணனும் தத்தம் விளக்கங்களை வெளியிட்டனர். எவர் பக்கம் நியாயம் எனத் தீர்ப்புரைத்தல் எம் பணியன்று. வாய்மொழி மரபினின்று எழும் பாட்டில் முதியோர், இயற்றுவோர், மெட்டமைப்போர், பாடுவோர் எனப் பலர் பங்கும் பின்னிக் கிடத்தலின், இத்தகைய வாதம் எழுதல் இயல்பு என்பதையே சுட்டுகின்றோம்.

நம் பழந்தொகைகள் இவ்விடத்தில் ஒரு பாடம் புகட்டும். இயற்பெயர் அறியப்படாத புலவரைத் தொகுத்தோர் பெயரின்றி விட்டாரல்லர். செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார் எனப் பாட்டின் சொல்லாலேயே பெயரிட்டுப் போற்றினர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனத் தந்தை பெயரையும் காத்தனர். அறிவு பின்னர் வெளியிட்ட தொகுதிக்கு 'வள்ளியம்மா பேராண்டி' எனப் பெயரிட்டமை இம்மரபின் புதுமலர்ச்சி எனலாம். தந்தையின் பெயர் நின்ற இடத்தில் தோட்டத் தொழிலாளியாகிய பாட்டியின் பெயர் நிற்கின்றது. ஊரைச் சூடுதற்குச் சொந்த நிலம் இல்லாதவர் முன்னோரைச் சூடுகின்றார். நிலமிழந்தோர்க்கு ஊர்ப்பெயர்க்கு ஈடாக எஞ்சுவது அப்பெயரே.

முடிபு

தமிழ்த்துறையினர்க்கு இதில் என்ன பணி என வினவலாம். பணி புதியதன்று. தமிழ்ப் பேராசிரியராகவும் நாட்டுப்புற ஆய்வாளராகவும் விளங்கிய கே. ஏ. குணசேகரன் (1955–2016) தாமே மேடையேறிப் பாடி, இன்குலாப்பின் 'மனுசங்கடா' முதலிய பாட்டுகளை ஒலிநாடா வழியே ஊர்தோறும் பரப்பினார். தனியிசைக்கும் தமிழாய்வுக்கும் இடையே சுவர் இல்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

செய்யத்தக்கன மூன்று. முதலாவது, இசைத்தொகுதியை நூலாகவே மதித்துப் பதிப்பித்தல். ஒரே பாட்டு மேடையில் ஒருவாறாகவும் பதிவில் ஒருவாறாகவும் அமைவதால் பாடவேறுபாடுகளைக் குறித்தல் வேண்டும். இரண்டாவது, காத்தல். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் நூல்களுக்கும் இதழ்களுக்குமே உரியது. இசைத்தொகுதியை நூலகத்திற்கு அளிக்கும் கடமை எவர்க்கும் அச்சட்டத்தால் இல்லை. இணையவழி வழங்கும் நிறுவனங்கள் சிலவற்றில் ஆண்டுக் கட்டணம் நின்றால் பாட்டும் நின்றுவிடும். ஓலையைச் செல்லரிக்கப் பல்லாண்டு ஆகும். இப்பாட்டு மறைதற்கு ஒரு நாள் போதும். மூன்றாவது, களப்பணி. சுரங்க எல்லையில் உள்ள ஊர்களின் கூத்து, ஒப்பாரி, நடவுப் பாட்டு ஆகியவற்றைப் பாடுவோர் பெயரோடும், பாடும் இடத்தோடும், பாடும் பொழுதோடும் பதிவு செய்தல் வேண்டும். இடமும் பொழுதும் முதற்பொருளாகலின் அவை இன்றிப் பதியப்படும் பாட்டுக் குறைப்பாட்டே.

அகழ்ந்தெடுத்த மேல்மண்ணை மீளப் பரப்பி மரம் நடும் முறையைச் சுரங்கத்தார் அறிவர். அம்மண்மேல் முன்பு ஒலித்த பாட்டை மீளப் பரப்பும் முறையை அவர் அறியார். அறிதல் அவர் கடனும் அன்று. அது நம் கடன். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் முதுமகளிர் இன்னும் பாடுகின்றனர். எல்லைக்கல் அவ்வூர்களை அடையுமுன் ஆய்வு மாணவர் அவ்வூர்களை அடைதல் வேண்டும்.